முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

“கையெழுத்து அன்செல்மோவுடையதுதான். உறையின் ஓரத்தில் உப்புக் கறை படிந்திருந்தது. ரெமிஹியா அதை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனாள். உடனே பிரிக்கவில்லை. முகர்ந்து பார்த்தாள்.”

மிக்தாலியா மைக்கிலிருந்து முகத்தை விலக்கிப் பக்கத்தைத் திருப்பினாள். கூடத்தில் நூற்றுப் பத்துப் பேர் சுருட்டு உருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. ஆனால் இலை வெட்டும் சத்தம் குறைந்திருந்தது. அதை வைத்துத்தான் அவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்று அவள் கணிப்பாள்.

“பிரிச்சுப் படி பொம்பள!” என்று மூன்றாம் வரிசையிலிருந்து எவேலியோ கத்தினான். “நாங்க எல்லாம் கிழடாகிச் சாகறதுக்குள்ள பிரி!”

“நீ ஏற்கெனவே கிழடுதான்.”

“உன் அக்காகிட்ட போய்க் கேளு, கிழடா இல்லையான்னு.”

சிரிப்பு அடங்கும்வரை மிக்தாலியா காத்திருந்தாள். பிறகு வாசித்தாள்.

“ரெமிஹியா கத்தியை எடுத்து உறையின் விளிம்பில் வைத்தாள். அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.”

புத்தகத்தை மூடினாள். “தோழர்களே, இன்றைய வாசிப்பு இத்துடன் முடிந்தது.”

முணுமுணுப்பும் வசவும் எழுந்தன. உடனே பிறை வடிவக் கத்திகளின் தட்டை முகங்கள் பலகைகள்மேல் விழுந்தன. டக், டக், டக் என்று கூடம் முழுக்க ஒரே தட்டல். அந்தத் தொழிற்சாலையில் கைதட்டுவது அப்படித்தான். பிடிக்கவில்லை என்றால் கத்தியைத் தரையில் போடுவார்கள். பதினாறு ஆண்டுகளில் மிக்தாலியாவுக்குத் தரையில் விழுந்த கத்திகள் மிகக் குறைவு.

முதல் வரிசையில், மேடைக்கு நேர் கீழே, சொய்லா மட்டும் தட்டவில்லை. அவள் வழக்கமும் அது இல்லை. கையிலிருந்த சுருட்டின் தலையில் பசை தடவிக்கொண்டே, “வாசல்ல யாரு, மிகா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“திங்கக்கிழமை தெரியும்.”

“தபால்காரனா இருக்காது. அவன்தான் வந்துட்டுப் போயிட்டானே.”

“திங்கக்கிழமை, என் உசிரே.”

யார் வந்தது என்று மிக்தாலியாவுக்கும் தெரியாது. அந்தப் புத்தகம் முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தாண்டி அவள் பதினெட்டு வேலைநாட்களாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

*

மிக்தாலியா ஒர்தேகா கியூபாவின் கமஹுவானி ஊரில் ரயில் பாதைக்குப் பின்னாலிருந்த தெருவில் பிறந்தவள். பதினாறு வயதில் தொழிற்சாலைக்கு வந்து புகையிலையின் நடு நரம்பை உருவும் வேலையில் சேர்ந்தாள். முப்பத்தோராம் வயதில், பழைய வாசிப்பாளர் ஓய்வு பெற்றபோது, போட்டிக்கு நின்றாள். போட்டியிட்ட மூவரும் ஆளுக்கொரு வாரம் வாசித்தார்கள். பிறகு உருட்டுகிறவர்கள் வாக்களித்தார்கள். மற்ற இருவரும் அழுகிற இடம் வந்தால் அழுகிற குரலில் வாசித்தார்கள். மிக்தாலியா அழவில்லை. அதனால் வாக்கு அவளுக்கு விழுந்தது.

அன்றிலிருந்து காலையில் செய்தித்தாள், பிற்பகல் இரண்டு மணிக்கு நாவல். இடையில் பிறந்தநாள், சாவு, தொலைந்த சாவி, யாருடைய மிதிவண்டி வாசலை மறிக்கிறது என்ற அறிவிப்புகள். எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போகும்.

வாயால் மட்டுமில்லை, கையாலும் கொடுப்பவள் என்று அவளுக்குப் பெயர். பங்கீட்டில் வரும் முட்டையில் பாதி எதிர்வீட்டுக்குப் போகும். ஆண்டுக்கு மூன்று முறை இரத்தம் கொடுப்பாள். நான்காம் முறை போய் நின்றபோது, “போய்ச் சாப்பிடுங்க தோழர், நீங்களே வெளுத்துப் போயிருக்கீங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். சோவியத்துக் கப்பல்கள் நின்று, ரொட்டி ஆளுக்கொன்று என்று ஆன பிறகும் அவள் கை சுருங்கவில்லை. கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள். ஆனால் கொடுக்கும்போது வாங்குகிறவரின் முகத்தைப் பார்ப்பாள். அதைக் கவனித்தவன் ரிகோபெர்த்தோ ஒருவன்தான். பன்னிரண்டு ஆண்டு அவளோடு வாழ்ந்த பேருந்து ஓட்டுநர். பிரிந்துபோன அன்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னான்:

“உன் வீட்ல நானும் கை நீட்டி நிக்கணும் உனக்கு. வாங்கி வாங்கிக் கை வலிக்குது, மிகா.”

அவளுக்கு அது புரியவில்லை. பொறுப்பற்றவன் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த நாவலை உருட்டுகிறவர்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்பெயினின் கலீசியாப் பகுதிக்காரன் யாரோ எழுதியது. மீனவ ஊர், விதவைத் தாய் ரெமிஹியா, கடலுக்குப் போன மகன் அன்செல்மோ. பின்னட்டை கிழிந்திருந்ததால் இது எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் வாசிக்க வேண்டியதை முந்தின மாலை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது மிக்தாலியாவின் பழக்கம். இருநூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. கடைசிவரை புரட்டினாள். உடைந்த படகின் பலகை ஒன்று கரை ஒதுங்குகிறது. மகனின் உடல் கிடைக்கவில்லை. தாய் ஒரு சவப்பெட்டி செய்யச் சொல்கிறாள். அவனுடைய துணிகளை அதில் வைக்கிறாள். எடை போதவில்லை என்று கரையிலிருந்து கற்களைப் பொறுக்கி வந்து அடுக்குகிறாள். தூக்க வந்தவர்களிடம் அவள் சொல்லும் ஒரு வார்த்தையோடு புத்தகம் முடிகிறது.

சொய்லாவின் மகன் ரெய்னியெர், சென்ற ஆண்டு ஆகஸ்டில், காய்பாரியேன் கரையிலிருந்து, லாரி டியூப்கள்மேல் பலகை கட்டி அமெரிக்காவுக்குப் புறப்பட்டவன். கூட மூன்று பேர். கடலில் பிடிபட்டவர்களை அமெரிக்கர்கள் குவாந்தானமோ முகாமில் வைத்தார்கள். அங்கிருந்து மற்ற வீடுகளுக்குக் கடிதம் வந்தது. வானொலியில் பெயர்கள் வாசித்தார்கள். இந்த நான்கு பேரில் ஒருவன் பெயரும் வரவில்லை. பதினைந்து மாதம் ஆகிவிட்டது. கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

பலகை கரை ஒதுங்கும் பக்கத்தை வாசிக்க வேண்டிய அன்று மிக்தாலியா மைக் முன் உட்கார்ந்தாள். கீழே சொய்லா மேலிலையை நீவிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை இலையின்மேல் அப்படியே நின்றுவிட்டிருந்தது. காத்திருக்கிறாள் என்று மிக்தாலியாவுக்குத் தெரிந்தது. “பலகை” என்று அச்சடித்திருந்த இடத்தில் அவள் வாய் “பாய்மரம்” என்றது. தொலைவில் ஒரு பாய்மரம் தெரிந்தது என்று வாசித்தாள். ஒரு கப்பல் அன்செல்மோவைத் தூக்கிக்கொண்டது. சொய்லா மூச்சு விட்டாள். உள்ளங்கை மறுபடி நகர்ந்தது. மிக்தாலியா அந்த முகத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் அப்படி ஒன்றை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஒரு நாள் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாளும் இரண்டு மணி வந்தது. அன்செல்மோ ஹவானாவில் இறங்கினான். காய்ச்சலில் கிடந்தான். ஒரு விடுதியின் சமையல்காரி அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். அந்தச் சமையல்காரியைக் கூடத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவன் ஊருக்கு எழுதிய கடிதங்கள் வழியில் தொலைந்தன. மிக்தாலியா கடைசி நாலைந்து தாள்களை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தாள். நன்றாகத்தான் வந்தது. தனக்கு இது வரும் என்று அவளுக்கே தெரியாது.

*

திங்கட்கிழமை சாப்பாட்டு மணியில் சொய்லாவின் தங்கை அம்பாரோ தொழிற்சாலை வாசலுக்கு வந்து மிக்தாலியாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். மிதிவண்டியில் நாலு கல் தூரம் மிதித்து வந்திருந்தாள். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“புஸ்தகம் இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?”

“ஏன்?”

“சொல்லு, மிகா. அம்பதா? நூறா?”

“கொஞ்சம் இருக்கு.”

“அப்ப வேகமா வாசி. கெஞ்சிக் கேக்கறேன், வேகமா வாசி.” அம்பாரோ வாசல் சுவரில் சாய்ந்தாள். “அக்காவுக்கு இடது மார்புல கட்டி. யார்கிட்டயும் சொல்லல, இல்ல? சொல்ல மாட்டா. ஆகஸ்டுல கொண்டைக்கடலை அளவு இருந்துச்சு. இப்ப புறா முட்டை. சாந்தா கிளாரா ஆசுபத்திரியில அறுக்கறதுக்கு நாள் குடுத்தாங்க. போகல. ரெண்டாவது நாள் குடுத்தாங்க. போகல. வர்ற வியாழன் மூணாவது. இதையும் விட்டா வரிசையில கடைசிக்குப் போயிருவான்னு டாக்டரம்மா திட்டறா.”

“ஏன் போகல?”

“ஏனா? உன் நாவலாலதான்! ‘அன்செல்மோ வீடு வந்து சேரட்டும், அப்புறம் போறேன்’னு உக்காந்திருக்கா. நான் சொன்னேன், அது எவனோ ஸ்பெயின்காரன் கதைடி, அவன் வந்தா என்ன, வராட்டி என்னன்னு. காதுலயே வாங்கல.” அம்பாரோ சட்டென்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. “உன்மேல தப்பில்ல. நீ புஸ்தகத்துல இருக்கறதைத்தானே வாசிக்கற.”

மிக்தாலியா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்பாரோ குடித்தாள். மிக்தாலியா அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று நாவலில் எதுவும் நடக்கவில்லை. வாசலில் கூப்பிட்டது அடுத்த வீட்டுக்காரி, உப்பு கேட்டு வந்தவள். கூடம் அவளைத் திட்டித் தீர்த்தது.

மாலையில் மிக்தாலியா சொய்லாவோடு நடந்தாள். முதலில் அவள் யோசித்த வழி எளிது. நாளைக்கே அன்செல்மோவைக் கப்பலேற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியது. புதன்கிழமை ரெமிஹியா அவனுக்குச் சோறு போடுவாள். வியாழன் சொய்லா சாந்தா கிளாரா போவாள்.

“ஒருவேளை அன்செல்மோ இந்த வாரம் வந்துட்டான்னு வை,” என்றாள் மிக்தாலியா. “அப்ப நீ ஆசுபத்திரிக்குப் போவியா?”

சொய்லா நின்றாள். “அம்பாரோ வந்தாளா?”

“வந்தா.”

“வாயாடிக் கழுதை.” மறுபடி நடந்தாள். “அவன் வரட்டும், பாக்கலாம்.”

“பாக்கலாம்னா?”

“அவன் வந்துட்டா ரெய்னியெரும் வர்ற காலம்தான், மிகா. நான் பைத்தியம்னு நினைக்காத. எனக்கு அப்படித் தோணுது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி. கடிதம் தொலைஞ்சுபோறது, காய்ச்சல்ல கிடக்கறது… நீ வாசிக்கறப்ப நான் அவனைத்தான் பாக்கறேன். அவன் வந்து கதவைத் தட்டறப்ப வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது. நான் மாருல கட்டுப் போட்டுக்கிட்டு எங்கேயோ படுத்திருக்கக் கூடாது.”

“பக்கத்து வீட்ல சாவி குடுத்துட்டுப் போகலாமே.”

“உனக்குப் பிள்ளை இல்ல. உனக்குத் தெரியாது.”

கோபமாகச் சொல்லவில்லை. விவரம் சொல்வதுபோல் சொன்னாள். மிக்தாலியாவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுத் தன் சந்துக்குள் திரும்பினாள்.

அன்செல்மோ வராவிட்டால் அவள் காத்திருப்பாள். வந்தாலும் காத்திருப்பாள். மிக்தாலியா வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்தாள். அதில் மூன்றாவதாக ஒரு முடிவு இருந்தது. அச்சில் இருந்தது.

செவ்வாயன்று அவளால் அதை வாசிக்க முடியவில்லை. அன்செல்மோவின் கடிதத்தை வாசித்தாள். சமையல்காரி அவனுடைய சட்டையைத் தைத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தான். கத்திகள் நீண்ட நேரம் தட்டின.

*

புதன்கிழமை ஒன்றரை மணிக்கு மின்சாரம் போயிற்று. மைக் செத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லோரும் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படி நேர்ந்தால் மிக்தாலியா மேடையை விட்டு இறங்கி, வரிசைகளுக்கு நடுவில் நின்று உரக்க வாசிப்பாள். இறங்கினாள். சொய்லாவின் மேசை இரண்டடி தள்ளி இருந்தது.

“தோழர்களே,” என்றாள். “வாசிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

“யாரு செத்தது?” என்றான் எவேலியோ.

“இருபது வேலைநாளா நான் வாசிச்சது புஸ்தகத்துல இல்ல. பலகை கரை ஒதுங்கின இடத்துலேர்ந்து நானே சொன்னது. ஹவானா, காய்ச்சல், கடிதம், எல்லாம். புஸ்தகத்துல என்ன இருக்கோ அதை இப்ப வாசிக்கறேன்.”

விளையாட்டு என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் முன்னூற்று ஒன்பதாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். அழுகிற குரலில் வாசிக்கவில்லை. பலகை வந்தது. தச்சன் வந்தான். ரெமிஹியா கற்களைத் துடைத்துத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினாள். கடைசி வரியை மிக்தாலியா வாசித்தாள்.

“‘பார்த்துத் தூக்குங்கள்,’ என்றாள். ‘கனமான பையன்.’”

யாரும் எதுவும் வெட்டவில்லை. பின் வரிசையில் ஒரு கத்தி தரையில் விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு எல்லாப் பக்கமும் சிமெண்டின்மேல் இரும்பு விழுந்தது. சிலர் எடுத்து மறுபடியும் போட்டார்கள்.

“அப்ப அந்தச் சமையல்காரி?” என்று எவேலியோ எழுந்து நின்று கேட்டான். அவன் குரலில் உண்மையான கோபம் இருந்தது. “அவளும் இல்லையா? இருபது நாளா எங்களை முட்டாளாக்கியிருக்க!”

“நல்லாத்தானே இருந்துச்சு,” என்றாள் ஒருத்தி.

“நல்லா இருந்தா? என் பொண்டாட்டிகிட்ட தினம் போய்ச் சொல்லியிருக்கேன்டி! அவ தெரு முழுக்கச் சொல்லியிருக்கா!”

சொய்லா எழுந்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். “புஸ்தகத்தைக் குடு.”

மிக்தாலியா கொடுத்தாள். சொய்லா ஜன்னல் பக்கம் திரும்பி, உதடு அசைய, கடைசிப் பக்கத்தைப் படித்தாள். அடுத்த தாளைத் திருப்பினாள். அது வெற்றுத்தாள். அதன் மறுபக்கத்தையும் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து பலகை கரை ஒதுங்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதையும் படித்தாள். கூடம் அடங்கியது.

“அன்னிக்கே இதுதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“அன்னிக்கே வாசிச்சிருந்தா அன்னிக்கே அழுதிருப்பேன். அழுதுட்டு மறுநாள் வேலைக்கு வந்திருப்பேன்.”

“சொய்லா, நான் உனக்காகத்தான்…”

“நான் கேட்டேனா?”

“கேக்கல.”

“பின்ன? எனக்காகவாம். நான் அழறதைப் பாக்க உனக்கு முடியல. அதுக்கு ஒரு கப்பலை விட்டே. தினம் மேல உக்காந்துக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என்னடா, இவ என்னையே பாக்கறாளேன்னு நினைச்சேன். பாசம்னு நினைச்சேன்.”

“பாசம்தான்.”

“இருக்கட்டும்.” சொய்லா புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். இடது பக்கம் பட்டதும் முகம் சுளித்து, வலது பக்கம் மாற்றிக்கொண்டாள். “அதுல ஒண்ணு தப்பு. என் பையன் ஒல்லி. அவனைத் தூக்க ரெண்டு பேரு போதும்.”

எவேலியோ உட்கார்ந்துவிட்டான்.

“நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போ,” என்றாள் மிக்தாலியா.

“அதையும் நீயே சொல்லு,” என்றாள் சொய்லா. ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் போட்டாள். முடிக்காத சுருட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, புத்தகத்தோடு வெளியே போனாள். மணி இரண்டரைகூட ஆகவில்லை. வாசல் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்டான். அவள் நிற்கவில்லை.

*

மறுநாள் வியாழக்கிழமை மிக்தாலியா ஏழு மணிக்கு வேலைக்கு வந்தாள். சொய்லாவின் இடம் காலியாக இருந்தது. சாந்தா கிளாரா போகும் காலை ஐந்து நாற்பது லாரியில் சொய்லாவும் அம்பாரோவும் ஏறியதைத் தான் பார்த்ததாக எவேலியோ பக்கத்து மேசைக்காரனிடம் சொன்னான். மிக்தாலியாவிடம் சொல்லவில்லை. எட்டரைக்கு அவள் செய்தித்தாள் வாசித்தாள். கரும்பு அறுவடைத் தயாரிப்பு, கால்நடைத் தீவனம், ஒரு கைப்பந்தாட்ட முடிவு. யாரும் தட்டவில்லை, யாரும் கத்தியைப் போடவில்லை. பத்து மணிக்கு உருட்டுகிறவர்களின் கூட்டம் நடந்தது. வாசிப்பாளரை மாற்ற வேண்டும் என்று நாற்பத்தெட்டுப் பேர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று அறுபத்தோரு பேர். நூலகப் பொறுப்பாளர் காணாமல்போன புத்தகத்துக்கு ஒரு படிவம் கொண்டுவந்தார். மிக்தாலியா கையெழுத்துப் போட்டாள். சாப்பாட்டுக்குச் சோயா கலந்த கறியும் சோறும். அடுத்த நாவலுக்கு வாக்கெடுப்பில் ஒரு துப்பறியும் கதை வந்தது. இரண்டு மணிக்கு அதன் முதல் பதினான்கு பக்கங்களை வாசித்தாள். மின்சாரம் இருந்தது. நாலு மணிவரை சாந்தா கிளாராவிலிருந்து தகவல் எதுவும் வரவில்லை.